வாசகர் கேள்வி: புயல் காலத்து வானொலி

ஐப்பசி பிறந்ததிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வானொலியைப் பற்றியே. ஆகாசவாணியில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றபின், கரையோரத்துச் சமுதாய வானொலிகளில், அதாவது கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் அந்தந்த வட்டாரத்துக்கென்று நடத்துகிற சின்ன எஃப்.எம். நிலையங்களில், பிள்ளைகளுக்கு மைக்கில் பேசப் பழக்கிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்துதான் கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

அக்கா, இப்போதெல்லாம் பேரிடர் எச்சரிக்கை என்றால் எல்லோருடைய செல்போனும் ஒரே நேரத்தில் அலறுகிறது. இதற்குமேல் வானொலி எதற்கு? யார் கேட்கிறார்கள்?
– வேதாரண்யத்திலிருந்து ஒரு வாசகர்

தம்பி, அந்த அலறல் அவசியம். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஒரு டவரின் கீழ் இருக்கிற எல்லாப் போனுக்கும் நம்பர்கூடத் தெரியாமல் ஒரே நொடியில் போய்ச் சேருகிற ஏற்பாடு அது. ஆனால் டவர் நிற்க வேண்டும், டவருக்குக் கரண்ட் வேண்டும், உங்கள் போனில் சார்ஜ் இருக்க வேண்டும்.

நீங்கள் வேதாரண்யத்துக்காரர், உங்களுக்கு நான் கஜா புயலைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது. விடிந்து பார்த்தால் தென்னந்தோப்பு எல்லாம் தரையில் கிடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை என்று லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களில் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. டவரில் இருந்த பேட்டரி எத்தனை நேரம் தாங்கும்? ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோகலாம் என்றால் ரோட்டில் மரம் கிடந்தது.

அந்த வாரத்தில் மக்கள் கேட்ட கேள்விகளை யோசித்துப் பாருங்கள். புயல் எங்கே இருக்கிறது என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை. குடிதண்ணி லாரி எந்தத் தெருவுக்கு வரும்? திருத்துறைப்பூண்டிக்கு ரோடு திறந்தாச்சா? எந்தப் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு போடுகிறார்கள்? விழுந்த தென்னையைக் கணக்கெடுக்க வருகிறவரை வெட்டாமல் வைத்திருக்கணுமா? பாம்பு கடித்தால் எந்த ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது? அலறுகிற போன் இதற்கெல்லாம் பதில் சொல்லாது. பக்கத்து ஊரில் உட்கார்ந்து, உங்கள் தெருப் பெயர் தெரிந்த ஒருவர், ஒரு மணிக்கொரு தரம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்பட்ட டிரான்ஸ்மிட்டர் 50 வாட்தான். ஆன்டெனாக் கம்பம் 30 மீட்டரைத் தாண்டக்கூடாது. அதை வைத்துக்கொண்டு சுற்றுவட்டாரத்தில் ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் எட்டலாம். லாரி எந்தத் தெருவுக்கு வரும் என்று சொல்ல அந்தத் தூரம் தாராளம்.

“யார் கேட்கிறார்கள்” என்பது நியாயமான கேள்வி. புயலன்றைக்கு மட்டும் திறந்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். கருவாட்டு விலை, கோயில் கொடை, பத்தாம் வகுப்புப் பாடம், பாட்டி சொல்கிற கைவைத்தியம் என்று வருடம் முழுக்க ஒலித்திருந்தால்தான் அன்றைக்குக் கை தானாக அந்த அலைவரிசைக்குப் போகும். பாம்பனில் கடல் ஓசை 90.4 இருக்கிறதே, 2016 ஆகஸ்டில் தொடங்கியது. மீனவர்களுக்காக மீனவ சமூகத்தினரே நடத்துவது. காற்று, அலை நிலவரத்தோடு கடல் பாட்டும் பேச்சுமாகப் போவதால்தான் அங்கே கேட்கிறார்கள். சாதாரண நாளில் உறவு இல்லாத குரலை ஆபத்து நாளில் யாரும் நம்பி வீட்டை விட்டு இறங்கமாட்டார்கள். என் அனுபவத்தில் இதைவிடப் பெரிய விஷயம் இந்தத் தொழிலில் இல்லை.

எங்கள் கல்லூரியில் சமுதாய வானொலி இருக்கிறது. செய்தி சொல்லக்கூடாது என்று விதி இருப்பதால் புயலைப் பற்றி வாயே திறக்காதீர்கள் என்கிறார் எங்கள் பேராசிரியர். சரியா மேடம்?
– தஞ்சாவூரிலிருந்து ஒரு மாணவி

பேராசிரியரின் ஜாக்கிரதை புரிகிறதம்மா. ஆனால் விதி அவர் நினைக்கிற அளவுக்கு இறுக்கமானது இல்லை.

அலைக்கற்றை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு, 2002 கடைசியில் கல்வி நிறுவனங்களுக்கு வழி திறந்தது. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் வானொலி வந்தது, நாட்டிலேயே முதல் கல்வி வளாகச் சமுதாய வானொலி அதுதான். 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்பக் கூடாது என்பது நிஜம், ஆகாசவாணிச் செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம். ஆனால் அதே வழிகாட்டு நெறிகளில், வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு எல்லாம் செய்தியாகக் கருதப்படாது என்று எழுதியிருக்கிறது. மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம், சுகாதார எச்சரிக்கை பற்றி உள்ளூர் நிர்வாகம் தருகிற அறிவிப்புகளும் அந்தக் கணக்கில்தான் வரும். “உள்ளூர் நிர்வாகம் தருகிற” என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம்.

ஆகவே மழைக்கு முன்னாலேயே போய் ஆட்சியர் அலுவலகத்தில் பேரிடர் பிரிவைப் பாருங்கள். யார் தகவல் தருவார்கள், இரவு இரண்டு மணிக்கு யார் போன் எடுப்பார்கள், அவர் எடுக்காவிட்டால் அடுத்தவர் யார் என்று எழுதி வாங்கி ஸ்டுடியோச் சுவரில் ஒட்டுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070 இரண்டும் மனப்பாடமாக இருக்க வேண்டும். யார் சொன்னார்கள், எத்தனை மணிக்குச் சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். பிறகு ஒருவர் வந்து “யார் சொல்லி இதை ஒலிபரப்பினீர்கள்” என்று கேட்டால் அந்த நோட்டு போதும்.

நானும் ஒரு சமுதாய வானொலியில் தன்னார்வலர். புயல் நேரத்தில் என்ன பேசுவது, எப்படிப் பேசுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. நீங்கள் சொல்லுங்கள் அம்மா.
– நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

வானிலை அறிக்கை இப்படி வரும்: “தென்மேற்கு வங்கக்கடலில் நிலைகொண்டுள்ள தீவிரப் புயல் மேற்கு, தென்மேற்குத் திசையில் நகர்ந்து…” அதிகாரிகளுக்கு அது வேண்டும். உங்கள் நேயருக்கு அதில் தன் வீடு எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

“இப்ப மணி சாயங்காலம் நாலு. ஆறுகாட்டுத்துறையில கடலை ஒட்டின தெருவுல இருக்கிறவங்க கேளுங்க. தாசில்தார் ஆபீஸ்லேருந்து சொல்லியிருக்காங்க. ஆறு மணிக்குள்ள புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போயிடுங்க. ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் புக் எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு எடுத்துக்குங்க. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை மறக்காதீங்க. ஆடு மாட்டைக் கட்டிப்போட்டுட்டுப் போகாதீங்க, அவுத்து விட்டுடுங்க. அடுத்த தகவல் நாலரை மணிக்குச் சொல்றோம்.”

முதலில் மணி. ஏன் தெரியுமா? உங்கள் குரலை யாராவது போனில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். மறுநாள் மத்தியானம் வேறொரு ஊரில் அது ஓடும். மணி, ஊர், தெரு மூன்றும் உள்ளேயே இருந்தால், கேட்பவருக்கு அது பழசு என்று புரியும். தேதியையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

யார் சொன்னது என்பது அடுத்தது. அதன்பின் செய்ய வேண்டிய காரியம், ஒரு மூச்சுக்கு ஒன்றாக. எல்லாவற்றையும் இரண்டு தரம் சொல்லுங்கள், ஏனென்றால் முதல் தரம் கேட்டவர் “ஏய், சத்தத்தைக் கூட்டு” என்று வீட்டுக்குள் கத்திக்கொண்டிருப்பார், இரண்டாவது தரம்தான் வீடே கேட்கும்.

அடுத்த தகவல் எத்தனை மணிக்கு என்று சொன்னீர்கள் அல்லவா, அந்த நேரத்துக்கு மைக் முன்னால் இருந்தே ஆகவேண்டும். புதிதாக ஒன்றும் இல்லையென்றால் “புதுத் தகவல் இல்லை, முன்னே சொன்னதுதான்” என்று சொல்லுங்கள். நாலரைக்கு வருவதாகச் சொன்ன குரல் நாலரைக்கு வராவிட்டால், இருட்டில் உட்கார்ந்திருக்கிறவர் மனசு என்னென்னவோ நினைக்கும். பேட்டரியில் ஓடுகிற ரேடியோவை நேயர் நடுவில் அணைத்து வைக்கவும் இது உதவும்.

இன்னொன்று, கண் பகுதி. புயலின் நடுமையமான கண் ஊருக்கு மேலே வரும்போது காற்று சட்டென்று நின்றுவிடும். மழைகூட விட்டுப் போகும், சில சமயம் நட்சத்திரம் தெரியும். முடிந்தது என்று நினைத்து ஜனங்கள் கூரையைப் பார்க்க, படகைப் பார்க்க வெளியே வருவார்கள். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று அடிக்கும். முதல் காற்றில் ஆட்டம் கண்ட மரமும் சுவரும் விழுவது அப்போதுதான். “காத்து நின்னுட்டாலும் நாங்க சொல்றவரைக்கும் வெளியே வராதீங்க” என்று காற்று நிற்பதற்கு முன்னாலேயே, திரும்பத் திரும்பச் சொல்லிவையுங்கள்.

குரலைப் பற்றி ஒரு வார்த்தை. பதற்றம் வேண்டாம், சிரிப்பும் வேண்டாம். வீட்டில் பெரியவர் ஒருவர் காரியம் சொல்கிற தோரணை போதும். பின்னணி இசை கண்டிப்பாகக் கூடாது, காற்றுச் சத்தத்துக்கு நடுவில் கேட்கிறவருக்கு உங்கள் சொல் மட்டும் காதில் விழவேண்டும்.

வாட்ஸ்அப்பில் “ஏரி உடைந்துவிட்டது” என்று வதந்தி பரவினால் அதை வானொலியில் மறுக்கலாமா?
– செங்கல்பட்டிலிருந்து ஒரு வாசகர்

மறுக்கலாம், ஆனால் வதந்தியைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். “ஏரி உடைந்ததாகப் பரவும்…” என்று தொடங்கினால் பாதியில் வந்தவர் காதில் “ஏரி உடைந்தது” என்பது மட்டும்தான் விழும். பொதுப்பணித் துறையிடமோ நீர்வளத் துறையிடமோ கேட்டுவிட்டு, “ஏரிக்கரை பத்திரமா இருக்கு, பொறியாளர் இப்பதான் சொன்னார், இத்தனை கன அடி தண்ணி திறந்துவிட்டிருக்காங்க, ஆத்தோரம் இருக்கிற இன்னின்ன தெரு மட்டும் மேடான இடத்துக்குப் போங்க” என்று உண்மையை முன்னால் வையுங்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாவிட்டால் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

மீன்பிடிக்கக் கடலுக்குள் போகிறோம். எஃப்.எம். எவ்வளவு தூரம் எடுக்கும்? ஒக்கிப் புயலில் எங்கள் ஊர் இழந்தவர்கள் பலர். அப்போது ஒரு தகவலும் வரவில்லை.
– கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஒரு மீனவர்

ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. 2017 நவம்பர் கடைசியில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது ஒரு நாளைக்குள்ளேயே புயலாகிவிட்டது. அப்போது உங்கள் பக்கத்து ஆழ்கடல் படகுகள் கரையிலிருந்து வெகுதூரம் போய், நாட்கணக்கில் ஆகியிருந்தன.

உங்களிடம் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். எஃப்.எம். நேர்க்கோட்டில் போகிற அலை, பூமியின் வளைவைத் தாண்டாது. சமுதாய வானொலி ஆழ்கடலுக்கு எட்டாது. கரையோரம் கட்டுமரத்திலும் ஃபைபர் படகிலும் போய்வருகிறவர்களுக்குத்தான் அது உதவும். படகுக்குப் படகு பேசுகிற வி.எச்.எஃப். செட்டும் அதே நேர்க்கோடுதான், இன்னொரு படகைத் தொட்டுத் தொட்டுத்தான் சேதி போகவேண்டும். மத்திய அலை, அதாவது மீடியம் வேவ், அப்படி இல்லை. உப்புத்தண்ணீர் அதற்கு நல்ல பாதை, நிலத்தில் போவதைவிடக் கடல்மேல் வெகுதூரம் போகும். திருச்சி 936, திருநெல்வேலி 1197 என்று பழைய ஆட்கள் கிலோஹெர்ட்ஸ் எண்ணை மனப்பாடமாக வைத்திருந்தது சும்மா இல்லை. மத்திய அலை பழசாகிவிட்டது, செலவு அதிகம் என்று அதை நாடு முழுக்கக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். உள்நாட்டில் குறைத்தால் எனக்கு வருத்தம் மட்டும்தான். கடற்கரை நிலையங்களைக் குறைப்பது தவறு என்றே நினைக்கிறேன், எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும் அதைச் சொல்கிறேன்.

ஆழ்கடலுக்குப் போகும் படகுக்குச் செயற்கைக்கோள் வழியாகச் சேதி வருகிற கருவிதான் சரி. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர்களை இப்போது விசைப்படகுகளில் பொருத்துகிறார்கள், கரையிலிருந்து எச்சரிக்கை வரும், படகிலிருந்து ஆபத்துச் சேதியும் அனுப்பலாம். உங்கள் படகில் இல்லையென்றால் மீன்வளத் துறை அலுவலகத்தில் எழுதிக்கொடுங்கள். பொருத்தியிருந்தால் புறப்படும் முன் வேலை செய்கிறதா என்று பாருங்கள். உள்ளூர் வானொலிக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. படகு புறப்படுகிற விடிகாலையில், ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் நிறுவனம் தருகிற அலை உயரம், காற்று வேகம் இரண்டையும் தினமும் தவறாமல் சொல்வது. போனபின் கூப்பிடுவதைவிடப் போகும் முன் நிறுத்துவது எளிது.

என்ன ரேடியோ வாங்குவது? வீட்டில் போன் இருக்கிறதே, அதில் எஃப்.எம். கேட்டால் போதாதா?
– தரங்கம்பாடியிலிருந்து ஒரு இல்லத்தரசி

போனில் இருந்தால் நல்லதுதான், அந்த எஃப்.எம்.முக்கு டேட்டா வேண்டாம். ஆனால் இயர்போன் ஒயர்தான் அதற்கு ஆன்டெனா, ஒயர் செருகினால்தான் எடுக்கும். புதிய போன்கள் பலவற்றில் அந்த ஓட்டையும் இல்லை, எஃப்.எம்.மும் இல்லை. பேரிடரை முன்னிட்டு எஃப்.எம். வசதியை முடக்காமல் வைக்கும்படி மத்திய அரசே 2023-ல் போன் தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்பியது. அதுவும் போக, புயலன்று போன் சார்ஜைப் பேசுவதற்காக மிச்சம் பிடிக்க வேண்டும்.

பென்சில் செல் போட்டு ஓடுகிற சின்ன ரேடியோ ஒன்று வாங்குங்கள். எஃப்.எம்., மத்திய அலை இரண்டும் இருக்கட்டும், முள்ளைத் திருகி நிலையம் பிடிக்கிற பழைய மாதிரியே போதும். உள்ளே சார்ஜ் பேட்டரி மட்டும் இருக்கிற மாதிரி வேண்டாம், கடையில் செல் வாங்கிப் போடமுடிய வேண்டும். செல்லை உள்ளேயே போட்டு வருடக்கணக்கில் வைத்தால் கசிந்து தகடு பச்சை பூத்துவிடும், ஆகவே தனியாகக் கவரில் கட்டி ரேடியோவோடு வையுங்கள். எஃப்.எம்.முக்குக் கம்பியை முழுக்க இழுத்து ஜன்னல் பக்கம் வையுங்கள். மத்திய அலைக்குக் கம்பி உதவாது, உள்ளே ஒரு கறுப்புத் தண்டில் சுற்றிய கம்பிச்சுருள்தான் ஆன்டெனா, ரேடியோவையே மெல்லத் திருப்பிப் பாருங்கள், ஒரு பக்கத்தில் தெளிவாகும். எல்.இ.டி. பல்பும் சார்ஜரும் சேர்ந்து போடுகிற இரைச்சலால் மத்திய அலை கேட்கவில்லை என்கிறவர்கள் கரண்ட் போனதும் போட்டுப் பாருங்கள், அத்தனை சுத்தமாகக் கேட்கும்.

எங்கள் நிலையத்தில் போன மழைக்கு டிரான்ஸ்மிட்டர் புகைந்துவிட்டது. இடி விழவில்லை. காரணம் என்னவாக இருக்கும்?
– ஒரு சமுதாய வானொலி ஊழியர்

கம்பத்தின் உச்சியில் கேபிளும் ஆன்டெனாவும் சேருகிற கனெக்டரை இறக்கிப் பாருங்கள். நான் பார்த்த கரையோர நிலையங்களில் பெரும்பாலும் கோளாறு அங்கேதான். உப்புக்காற்று டேப்பை அரித்து, மழைத்தண்ணீர் கேபிளுக்குள் இறங்கிவிடும். அப்போது வெளியே போகவேண்டிய சக்தி திரும்பி டிரான்ஸ்மிட்டருக்கே வரும். பெட்டியில் ரிஃப்ளெக்டட் பவர் என்று ஒரு அளவு காட்டுமே, அது தினமும் ஏறிக்கொண்டே இருந்திருக்கும். அந்த எண்ணைக் காலையில் குறித்துவைக்கிற பழக்கம் வேண்டும். கனெக்டருக்கு முதலில் தானாக ஒட்டிக்கொள்கிற ரப்பர் டேப், அதன்மேல் சாதா டேப், ஆவணியிலேயே புதிதாகச் சுற்றுங்கள்.

பேட்டரிக் கணக்கையும் போட்டுவிடுங்கள். டிரான்ஸ்மிட்டர், மிக்சர், லேப்டாப் சேர்ந்து ஏறக்குறைய 200 வாட் இழுக்கும் என்று வைத்தால், 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி ஒன்று ஆறேழு மணி நேரம் தாங்கும். மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் பேசி மற்ற நேரம் அணைத்துவைத்தால் அதையே ஏறக்குறைய ஒன்றரை நாள் இழுக்கலாம். ஜெனரேட்டர் தரைத்தளத்தில் இருந்தால் இப்போதே மேலே ஏற்றுங்கள். மாற்று ஆன்டெனா ஒன்றை வீட்டுக்குள் வைத்திருந்து, காற்று ஓய்ந்தபின் மொட்டைமாடியில் மூங்கிலில் கட்டினாலும் பக்கத்து நாலு ஊருக்குக் கேட்கும்.

எங்கள் ஊரில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் தமிழ் அறிவிப்பு அவர்களுக்குப் புரியாதே?
– திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்

நல்ல மனசு உங்களுக்கு. இதற்கு ஜப்பானில் ஒரு முன்மாதிரி இருக்கிறது.

1995 ஜனவரி 17 அன்று கோபே நகரில் நிலநடுக்கம், 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். நகாதா என்கிற பகுதி தீயில் எரிந்தது. அங்கே செருப்புத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களில் கொரியர்களும் வியட்நாமிலிருந்து அகதியாக வந்தவர்களும் நிறைய. கொரியர்களுக்கு ஒரு பழைய பயம் உண்டு. 1923 டோக்கியோ நிலநடுக்கத்தில், அவர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பி, ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றுபோட்டார்கள். அதனால் கோபேயில் இரண்டு வாரத்துக்குள் கொரியர்கள் தங்களுக்கென்று ஒரு சின்ன எஃப்.எம். தொடங்கினார்கள். ஏப்ரலில் வியட்நாமியருக்கும் சேர்த்து இன்னொன்று. ஜூலையில் இரண்டும் இணைந்து எஃப்.எம். ஒய்ஒய் ஆனது. எங்கே சாப்பாடு, எங்கே விண்ணப்பம் என்று அவரவர் பாஷையில், அவரவர் ஆளே பேசினார். பேரிடர் வந்தால் நகராட்சிகள் தற்காலிக எஃப்.எம். நிலையம் தொடங்க அங்கே சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 2011 சுனாமிக்குப் பின் அப்படிச் சுமார் 30 நிலையங்கள் ஒலித்தன.

திருப்பூரில் நீங்கள் செய்யக்கூடியது: மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்தி, ஒடியா பேசுகிற தொழிலாளர்களையே கூப்பிட்டு உட்காரவைத்து, “மேடான இடத்துக்குப் போ”, “தண்ணியில் அறுந்து கிடக்கிற கம்பியைத் தொடாதே”, “கொதிக்கவைத்த தண்ணியைக் குடி”, “முகாம் இந்தப் பள்ளியில்” என்று சின்னச் சின்ன அறிவிப்புகளாகப் பதிவு செய்து வையுங்கள். பள்ளிப் பெயர், தெருப் பெயரைத் தனித்தனியாகப் பதிந்தால் வேண்டியதைக் கோத்துக்கொள்ளலாம். பேசியவர்களின் போன் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள், வெள்ளத்தன்று புதிதாக ஏதாவது சொல்லவேண்டி வந்தால் அவர்களையே ஸ்டுடியோவுக்கு அழைக்கலாம். நொய்யல் கரையோரம் குடியிருப்பவர்கள் யார் யார் என்பது அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.